உள்ளே ஓடும் கம்பிக்கு ஒரு பேர்

...இல்ல தம்பி, ரிப்போர்ட்ல நீங்க என்ன வேணா எழுதிக்கோங்க, தப்பு அந்தப் பொண்ணு மேலன்னு மட்டும் எழுதிடாதீங்க. பதினொரு மணிக்கு அந்த ரூம் கதவு தொறக்கும். உள்ள மூணு பேர் உக்காந்திருக்காங்க. முடிவை ஏற்கெனவே டைப் அடிச்சு, கையெழுத்துக்கு மட்டும் எடம் விட்டு வெச்சிருக்காங்க. காரணம் கண்டுபிடிக்க வெளியிலிருந்து வந்த ஆள் நீங்க, உங்க வாயிலருந்து என்ன வருதோ அதை வெச்சுத்தான் கையெழுத்து விழும். ஒரு விதமா சொன்னா அந்தப் பொண்ணு வேலைல இருப்பா. வேற விதமா சொன்னா மத்தியானமே பையைத் தூக்கிட்டுப் போவா. அதனாலதான் வராந்தாவுல போன உங்களை மறிச்சு இந்த பெஞ்சுல உக்கார வெச்சேன். இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கே, எங்க ஓடறீங்க? காபி வேணுமா? வேண்டாம், அந்த மெஷின் காபி குடிச்சா அப்புறம் எனக்கு எதிராத்தான் எழுதுவீங்க.

நானா? டிசைன் செக்‌ஷன். முப்பத்திரண்டு வருஷம். சங்கத்துல செயலாளரா இருபத்தாறு வருஷம். இன்னிக்கு விசாரணைல அந்தப் பொண்ணுக்காகப் பேசப் போறவனும் நான்தான். தம்பின்னு கூப்பிடறதைத் தப்பா எடுத்துக்காதீங்க. சார்ங்கற வார்த்தையை நான் விட்டு ரொம்ப வருஷமாச்சு. டாக்டருக்கு மட்டும் விதிவிலக்கு, ஊசி அவர் கைல இருக்கு. தோழர்னு கூப்பிட்டா நீங்க பயந்துடுவீங்க. தம்பி நடுவுல நிக்குது.

காலேஜ் படிப்பெல்லாம் நமக்கு இல்ல. பன்னெண்டு பக்கம், பதினாறு பக்கம், நடுவுல ஒரே ஒரு பின் அடிச்ச வெளியீடு இருக்கு பாருங்க, அதைப் படிச்சு வந்தவன். பின் அடிக்க முடியாத அளவுக்குத் தடியா இருக்கற புஸ்தகத்தை இன்னிக்கும் நான் நம்பறதில்ல. சொல்றதுக்கு விஷயம் இருந்தா பதினாறு பக்கத்துல சொல்லிடலாம். என் வீட்டுக்காரி கேக்கறா, அப்ப நீங்க ஏன் ஒரு உப்பு கேக்கறதுக்கு அரை மணி நேரம் பேசறீங்கன்னு. அவ எதிர்க்கட்சி. விடுங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆனா உள்ள இருக்கற மூணு பேருக்குத் தெரியாது, அதனால எப்படிச் சொல்லணும்னு உங்ககிட்ட சொல்லிப் பாத்துக்கறேன். ஆஸ்பத்திரி வார்டுல தலைமாட்டுல ஒரு பட்டன் இருக்கும்ல, நோயாளி அமுக்கினா நர்ஸ் மேசைல அந்தக் கட்டில் நம்பர் லைட் எரியும். அந்த போர்டுதான் இது. ஒரு போர்டுக்கு எட்டு கட்டில். எட்டுக்கும் சர்க்யூட் ஒண்ணேதான், அதனால எட்டு தடவை வரைய மாட்டோம். ஒரு தாள்ல ஒரு கட்டிலுக்கு வரைவோம். அதுக்கு மேல தலைமைத் தாள்னு ஒண்ணு. அதுல எட்டு பெட்டி மட்டும் இருக்கும். ஒவ்வொரு பெட்டியும், உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்னா கீழ்த்தாளைப் பாருன்னு கையைக் காட்டும். ஒரே கீழ்த்தாள் எட்டு எடத்துல உழைக்கும். மேல் தாள்ல வெறும் பெட்டி. இந்தக் கம்பெனியை வரைஞ்சாலும் அப்படித்தான் வரும். சிரிக்கறீங்க. சிரிங்க, ஆனா ரிப்போர்ட்ல அதைப் போடாதீங்க.

போன வருஷம் பழைய சாஃப்ட்வேர் வித்தவன் கடையை மூடிட்டான். இருக்கற டிசைன் அறுபத்தி மூணையும் புது சாஃப்ட்வேருக்கு மாத்தணும். அந்த வேலையைத் தூக்கி யார் தலைல கட்டினாங்க? சேர்ந்து எட்டு மாசம்கூட ஆகாத, இன்னும் நிரந்தரம் ஆகாத அந்தப் பொண்ணு தலைல. எத்தனை நாள் குடுத்தாங்க தெரியுமா? மூணு. எங்க மேனேஜர் குடுத்தான். அவனுக்கு நாங்க வெச்ச பேர் கோந்து. நாற்காலில உக்காந்தா எழுந்திருக்க மாட்டான். தீ விபத்து ஒத்திகைக்கு எல்லாரும் வாசல்ல நின்னோம், அவன் ஜன்னல் வழியா கையாட்டினான்.

மூணு நாள்ல அந்தப் பொண்ணு மாத்தி முடிச்சுட்டா. கெட்டிக்காரி. முடிச்சதும் இந்த நர்ஸ் போர்டுக்கு மட்டும் புது சாஃப்ட்வேர் நானூத்திப் பன்னெண்டு எச்சரிக்கை போட்டுச்சு. எழுத்து சைஸ் மாறிப்போச்சு, கலர் மாறிப்போச்சு, கோடு ரெண்டு புள்ளி தள்ளி இருக்கு... நானூறு அந்த ரகம். மீதி பன்னெண்டுல ஏதாவது விஷயம் இருக்கலாம். ஒவ்வொண்ணாப் படிக்க ஒரு வாரம் குடுங்கன்னு அவ கேட்டா. மூடிட்டு அனுப்பும்மான்னான் கோந்து. அவ கேட்டது மெயில்ல இருக்கு. அவன் சொன்னது வாயால. வாய் வார்த்தைக்கு நகல் கிடையாது. இப்படித்தான் தம்பி இவங்க எல்லாம் பொழைக்கறாங்க.

சோதனைல ஏன் பிடிபடலைன்னு நேத்து நீங்க கேட்டீங்களாம். அந்தச் சோதனை மேசையைப் பாத்தீங்களா? ஒரே ஒரு பல்பு. ஒண்ணாம் நம்பர்ல சொருகி அமுக்குவாங்க, எரியும், டிக். ரெண்டாம் நம்பர்ல சொருகி அமுக்குவாங்க, எரியும், டிக். மத்த ஏழும் அந்த நேரத்துல என்ன பண்ணுதுன்னு யாருக்கும் தெரியாது. எட்டு பல்பு கேட்டு நான் சங்கத்து லெட்டர்பேடுல எழுதிக் குடுத்தேன். சங்கம் எதுக்குப் பல்பு கேக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அது ஒரு தனிக் கதை...

சரி சரி, ஆஸ்பத்திரி. மாட்டின முதல் நாள். மூணாம் கட்டில்ல ஒருத்தர், தண்ணி வேணும்னு அமுக்கறார். நர்ஸ் மேசைல எட்டும் எரியுது. நாலு நர்ஸ் எட்டு கட்டிலுக்கு ஓடறாங்க. ஆறாம் கட்டில்காரர் நிம்மதியா தூங்கிட்டு இருக்கார், அவரை எழுப்பி, எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு கேக்கறாங்க. நான் கூப்பிடலைங்கறார். அஞ்சு நிமிஷத்துல மறுபடி. நாலாவது தடவை அவரே வெக்கப்பட்டுக்கிட்டு, சரி ஒரு தலகாணி குடுங்கன்னுட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நெஜமாவே ஒருத்தருக்கு மூச்சு முட்டியிருந்தா எட்டுல எதுன்னு தேடிட்டு இருந்திருப்பாங்க. அதை நெனைச்சதும் சிரிப்பு நின்னுபோச்சு. நல்லவேளை, அன்னிக்கு சாயங்காலமே எல்லா போர்டையும் கழட்டிட்டாங்க.

உடனே இங்க என்ன நடக்கும்? யார் கடைசியா தொட்டாங்களோ அவங்கதான். அந்தப் பொண்ணு தொட்டா. முடிஞ்சுது.

அவளாவது வாயைத் தொறக்கறாளா? அதான் எனக்கு ஆத்திரம். முதல் விசாரணைல மூணு கேள்வி கேட்டாங்க, மூணுக்கும் பதில் இல்ல. பக்கத்துல உக்காந்து முழங்கையால இடிக்கறேன், கோந்து மூணு நாள்தான் குடுத்தான்னு சொல்லும்மா, சொல்லுன்னு. தரையைப் பாக்கறா. வெளிய வந்து கேட்டேன். பரவாயில்ல தலைவரேங்கறா. தலைவரேன்னுதான் கூப்பிடுவா, கிண்டலா மரியாதையான்னு இன்னும் எனக்குப் பிடிபடல. அப்பா இல்லாத வீடு. அவளோட தம்பி இன்னும் படிக்கறான். இவ சம்பளத்துலதான் அந்த வீட்டுல விளக்கு எரியுது. அப்படிப்பட்டவ பரவாயில்லைங்கறா. எது பரவாயில்ல? எங்க காலத்துல ஒரு ஆளை வெளிய அனுப்பணும்னா முதல்ல வாசல்ல எங்க நாப்பது பேரைத் தாண்டணும்...

என்ன அது? தாளா? அதை அப்புறம் பாப்போம், முதல்ல கோந்து விஷயத்தை முடிச்சுடறேன்.

பாக்கணுமா? கண்ணாடி கொண்டு வரலையே. சட்டைப் பையிலதான் இருக்கு, ஆமா, பாத்துட்டீங்க. குடுங்க.

ம்.

ஆமா, நம்ம கீழ்த்தாள்தான். பட்டன் இங்க, டிரான்சிஸ்டர் இங்க. சிவப்புல வட்டம் போட்டிருக்கீங்க. நடுவுல ஓடற கம்பி. அதுக்குப் பக்கத்துல... மார்ச் பதினேழுன்னு எழுதியிருக்கு. அது ஏதோ திருத்தின தேதியா இருக்கும் தம்பி. எங்க ஆளுங்க தேதியைக் கண்ட எடத்துல எழுதுவாங்க.

திருத்தின தேதியைக் கம்பி மேல யாரும் எழுத மாட்டாங்களா. ம். அதுவும் சரிதான்.

புரியுது, புரியுது, மெதுவா சொல்லுங்க, நான் ஓடிப் போயிட மாட்டேன். தாளுக்குள்ளயே ஓடற கம்பிக்கு யாரும் பேர் வைக்க மாட்டாங்க, தேவையில்ல. சரி. இது ஒண்ணுக்குத்தான் பேர் இருக்கு. சரி. பழைய சாஃப்ட்வேர்ல அந்தப் பேர் அந்தத் தாளோட வாசலைத் தாண்டாது, எட்டு எடத்துல இருந்தாலும் எட்டும் வேற வேற. புது சாஃப்ட்வேர் அந்த ஒரு தாளை எட்டு நகலா எடுத்து, எட்டுலயும் ஒரே பேர் இருக்கறதைப் பாத்து, எட்டும் ஒரே கம்பிதான்னு சேத்துடுச்சு. எட்டு வீட்டுல ஒரே பேர்ல எட்டு பேர் இருந்தா எல்லாரும் ஒரே ஆள்னு முடிவு கட்டின மாதிரி. அதனால ஒரு பட்டன் அமுக்கினா எட்டு லைட். நல்லா சொல்றீங்க தம்பி, என்னைவிடச் சுருக்கமா சொல்றீங்க.

அப்ப தப்பு சாஃப்ட்வேர் மேல. எழுதிக்கோங்க.

யார் அந்தப் பேரை வெச்சதுன்னு உள்ள கேப்பாங்களா? அவங்க கேக்க மாட்டாங்க தம்பி, அவங்களுக்குக் கம்பிக்கும் கயித்துக்கும் வித்தியாசம் தெரியாது... கேட்டுட்டாங்களா? எப்ப? நேத்தே எழுத்துல கேட்டாங்களா?

மார்ச் பதினேழு. அந்த நாள்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு எங்க தெரியப் போகுது, நீங்க அப்ப ஸ்கூலுக்குப் போயிட்டு இருந்திருப்பீங்க. சால்டர் ரூம்னு ஒண்ணு இருக்கு, கீழ, ஈயத்தை உருக்கிக் கம்பியை ஒட்டற எடம். ஈயப் புகை. அறுபது பேர் உக்காருவாங்க, ஜன்னல் ரெண்டு, அதுல ஒண்ணு ஆணி அடிச்சு மூடினது. புகை வெளிய போக ஒரு ஃபேன் கேட்டோம். ஒரே ஒரு ஃபேன் தம்பி. ரெண்டு வருஷம் கேட்டோம். அப்புறம் ஒரு மார்ச் பதினேழாம் தேதி காலைல, எட்டு மணி சங்கு ஊதினதும் யாரும் உள்ள போகல. பத்தொம்பது நாள். நோட்டீஸ் நான்தான் எழுதினேன், நாலு பக்கம், பின் அடிச்சு. பத்தொம்பதாம் நாள் உள்ள கூப்பிட்டாங்க. பதினோரு பேரை மட்டும் கூப்பிடல. அந்தப் பதினோரு பேர் என் நோட்டீஸைப் படிச்சுட்டு வந்தவங்க. நான் எப்படித் தப்பிச்சேன்னு கேக்கறீங்களா? தெரியல. இன்னிக்கு வரைக்கும் தெரியல. அந்தப் பேர்ப்பட்டியல் யார் எழுதினாங்களோ, என்னை விட்டுட்டாங்க. அதைவிடப் பெரிய தண்டனை ஒண்ணு அவங்களால குடுத்திருக்க முடியாது.

அடுத்த வருஷம் ஃபேன் போட்டாங்க. அதுக்குக் கீழ பித்தளைத் தகடு ஒண்ணு. நிர்வாகத்தின் அன்பளிப்புன்னு. போய்ப் பாருங்க, இப்பவும் தினம் பளபளன்னு தேய்க்கறாங்க.

நான் என்ன பண்ண முடியும்? அவங்களுக்கு ஒரு நினைவுக் கல்லு நடவா விடுவாங்க? அப்ப இந்த நர்ஸ் போர்டை நான்தான் வரைஞ்சுக்கிட்டு இருந்தேன். சும்மா எழுத்தா எழுதினா அச்செடுத்துப் பாக்கறப்போ அழிக்கச் சொல்லுவாங்க. கம்பிப் பேரா எழுதினா யாரும் தொட மாட்டாங்க, சர்க்யூட் கெட்டுடுமோன்னு பயம். ஒரே ஒரு தடவைதான் எழுதினேன் தம்பி, ஒரே தாள்ல. பாக்கறவன் திருத்தின தேதின்னு நெனைச்சுக்குவான். எத்தனை வார்டுல இந்த போர்டு ஓடுதோ அத்தனை வார்டுலயும் எங்க நாள் ஓடும். கம்பெனியே பேக் பண்ணி, கம்பெனி வண்டிலயே அனுப்பும். அன்னிக்கு எனக்கு எவ்வளவு சிரிப்பு தெரியுமா? வீட்டுல போய்த் தனியா சிரிச்சேன். என்னங்க ஆச்சுன்னு வீட்டுக்காரி கேட்டா, அவகிட்டகூடச் சொல்லல. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லாத விஷயம் வாழ்க்கைல இது ஒண்ணுதான்.

ஆமா. சொல்லிட்டேன். கவனிச்சேன்.

ஆஸ்பத்திரில எட்டும் எரியுதுன்னு கேட்டப்பவே அந்தத் தாள் ஞாபகம் வந்துச்சு. அதுவா இருக்காதுன்னு நெனைச்சுக்கிட்டேன். கோந்து மூணு நாள் குடுத்ததை வெச்சே இந்தப் பொண்ணைக் காப்பாத்திடலாம், இதைத் தொறக்கவே வேண்டாம்னு கணக்குப் போட்டேன். நடக்காதுங்கறீங்க. அனுப்பலாம்னு கையெழுத்துப் போட்டது அவ. பேரை வெச்சது யார்னு தெரியலைன்னா, மாத்தறப்போ இவளே வெச்சதுன்னு எடுத்துக்குவாங்க. சரி. அதுவும் புரியுது.

ரெண்டாவது தாளா? இன்னும் எத்தனை தாள் வெச்சிருக்கீங்க? ஒண்ணொண்ணாக் குடுத்து ஆளைக் கொல்றீங்களே.

இது யார் எழுதினது... அவளா? எப்ப குடுத்தா? பதினஞ்சு நாள் முன்னாடியேவா?

இருங்க. காரணத்தை அவளே கண்டுபிடிச்சிருக்கா. சரியா எழுதியிருக்கா, கம்பி, பேர், எட்டு நகல், எல்லாம். கீழ, பேர் வைத்தவர் யார்ங்கற எடத்துல, தெரியவில்லைன்னு எழுதியிருக்கா.

தெரியும் தம்பி அவளுக்கு.

மூணு வாரம் முன்னாடி, சாப்பாட்டு நேரத்துல டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வந்து எதிர்ல உக்காந்தா. தலைவரே, மார்ச் பதினேழுன்னா என்னன்னு கேட்டா. எனக்கு எவ்வளவு சந்தோஷம். இந்தக் காலத்துப் பொண்ணு ஒருத்தி வந்து கேக்கறாளேன்னு ஒரு மணி நேரம் பேசினேன். அவ சாப்பாடு ஆறிப்போச்சு. ஃபேன், புகை, பதினோரு பேர், ஒவ்வொருத்தர் பேரும், யாருக்கு எத்தனை குழந்தைன்னு உள்பட. எல்லாம் சொன்னேன். எதுக்கும்மா கேக்கறேன்னு மட்டும் நான் கேக்கவே இல்ல.

வீட்டுக்காரி சொல்றது சரிதான். எதிர்க்கட்சி எப்பவாவது சரியா சொல்லிடும்.

இதென்ன, கீழ பட்டியல்? சரிசெய்யும் வழின்னு போட்டிருக்கா. மார்ச் பதினேழு ஒண்ணு, மார்ச் பதினேழு ரெண்டு, மார்ச் பதினேழு மூணு... எட்டு வரைக்கும். ஆளுக்கொரு எண் போட்டா பேர் வேற வேற ஆயிடும், எட்டும் பிரிஞ்சுடும். சரிதானே? வேலை செய்யுமா? செஞ்சு பாத்துட்டீங்களா.

தம்பி, அந்தப் பேரையே அழிச்சிருக்கலாமே. ஒரு பட்டன்தானே. அழிச்சா இன்னும் சுலபமாச்சே.

அழிக்கல அவ.

கண்ணுல ஒண்ணும் இல்ல, இந்த வராந்தாவுல ஏசி நேரா மூஞ்சில அடிக்குது. ரெண்டு வருஷமா எழுதிக் குடுக்கறேன், திருப்பவே மாட்டேங்கறாங்க.

மணி என்ன? அஞ்சு நிமிஷம். போதும். நீங்க உக்காருங்க, முதல்ல நான் போறேன். பேசறதுக்கு ஒம்பது பக்கம் எழுதி வெச்சிருந்தேன், பாருங்க. கோந்தைப் பத்தியே நாலு பக்கம், நல்லா வந்திருந்துச்சு. இந்தாங்க, நீங்களே வெச்சுக்கோங்க, ரயில்ல போறப்போ படிங்க. உள்ள இப்ப சொல்ல வேண்டியது ஒரே வரிதான். அந்தப் பேரை வெச்சது நான். நாலு வார்த்தை. எனக்கு நாலு வார்த்தைல பேசிப் பழக்கமில்ல தம்பி. சொல்லிப் பாக்கறேன். அந்தப் பேரை வெச்சது நான், ஏன்னா அன்னிக்கு அறுபது பேர்... பாத்தீங்களா, இழுக்குது. அந்தப் பேரை வெச்சது நான், ஆனா நீங்க மட்டும் மூணு நாளுக்குப் பதிலா... வேண்டாம். அதைச் சொன்னா மூணு பேரும் ஓரத்துல உக்காந்திருக்கற கோந்தைப் பாப்பாங்க, கோந்து எதிர்ல இருக்கற அந்தப் பொண்ணைப் பாப்பான், மறுபடி முதல்லருந்து. நாலுதான். அதுக்கு மேல ஒண்ணு சேந்தாலும் அது பிரசங்கம்.

என்னை என்ன பண்ணுவாங்களா? பதினோரு பேரோட அன்னிக்கே போயிருக்க வேண்டியவன் தம்பி. கொஞ்சம் லேட்.

தள்ளுங்க, காலை நீட்டி உக்காந்திருக்கீங்க.

வணக்கம்மா. வணக்கம். இல்ல, உக்காரல, நின்னே சொல்றேன். அந்தப் பொண்ணு அங்கயே இருக்கட்டும், அவளும் கேக்கட்டும்.

அந்தப் பேரை வெச்சது நான்.